ஈரான் கச்சா கப்பல் ஏறுது, கேஸ் ஏன் ஏறல?

#1 பேட்டை ரோடு

ரெண்டு கேள்வி. இயற்கை எரிவாயு இருப்புல ரஷ்யாவுக்கு அடுத்தபடி ஈரான்தான். அமெரிக்கத் தடை எண்ணெய்க்கும் இருக்கு, வாயுவுக்கும் இருக்கு. ஆனா எண்ணெய் மட்டும் தினமும் பத்து லட்சம் பீப்பாய்க்கு மேல வெளிய போகுதுங்காவ. கேஸ் ஏன் போக மாட்டேங்குது?

ரெண்டாவது, உவரி, மணப்பாடு, தூத்துக்குடி பக்கத்துப் பையங்களுக்கு “டேங்கர், டபுள் சம்பளம், உடனே ஜாயினிங்”னு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. அது தடையை ஏய்ச்சு எண்ணெய் ஏத்துற சோலியில கிடக்குற கப்பலான்னு ஏறுததுக்கு முன்னால கண்டுபிடிக்க வழி இருக்கா? விவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க, பார்வர்டு மெசேஜ் வேண்டாம்.

#2 தாழையூத்து

முதல் கேள்வியை நான் எடுத்துக்கிடுதேன்.

ஈரானோட தென் பார்ஸும் கத்தாரோட வடக்கு வயலும் கடலுக்கடியில ஒரே வயல். ஒரு குளத்துக்கு ரெண்டு மடைன்னு வச்சுக்கிடுங்க. கத்தார் தன் மடையில இருந்து வருஷத்துக்கு 7.7 கோடி டன் எல்.என்.ஜி. (குளிர வச்சுத் திரவமாக்குன இயற்கை எரிவாயு) ஏத்துற அளவுக்கு ஆலை கட்டி வச்சிருக்கு. ஈரான் பக்கத்துல எல்.என்.ஜி.யா ஒரு டன்கூட இதுவரை கப்பல் ஏறல. ஈரான் கரையில தோம்பாக்ல வருஷத்துக்கு ஒரு கோடி டன்னுக்குக் கொஞ்சம் மேல வர்ற மாதிரி ஆலை ஆரம்பிச்சாங்க, பாதியில நிக்குது.

காரணம் பூமிக்கடியில இல்ல, சாமான்ல இருக்கு. வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வச்சாத்தான் 600 பங்கு சுருங்கி திரவமாகும். அதுக்கு வேணும்கிற முக்கிய வெப்பப் பரிமாற்றியை, அதாவது அலுமினியக் குழாயைச் சுருள் சுருளா சுத்தி அம்பது மீட்டர் உசரத்துக்கு நிக்குற அந்தக் கோபுரத்தை, பெரிய அளவுல செய்யுற கம்பெனி உலகத்துல விரல் விட்டு எண்ணுற அளவுதான். குளிரூட்டும் கம்ப்ரஸர், அதைச் சுத்துற கேஸ் டர்பைன், கிரையோஜெனிக் வால்வு எல்லாத்துக்கும் இதே கதைதான். கச்சா எண்ணெய்க்கு இதுல ஒண்ணும் வேண்டாம். கிணறு, குழாய், டேங்க், பம்ப் போதும். 1960கள்ல போட்ட ஜெட்டியில இன்னிக்கும் ஏத்தலாம்.

இன்னொரு காரணத்தை யாரும் பேசுறதில்ல. ஈரான் தன் வாயுவைப் பெரும்பாலும் தானே எரிச்சுத் தீர்த்துடுது. வீட்டுக்கு வீடு குழாய் கேஸ், விலையும் சல்லிசு. குளிர்காலம் வந்தா சொந்த மின் நிலையத்துக்கே பத்தாம கனரக எண்ணெயை எரிக்காங்க. தடை நாளைக்கே விலகினாலும் ஏத்துமதிக்குக் கையில மிச்சம் நிறைய இருக்காது.

இப்ப வெளிய போறது குழாய் வழியா மட்டும். 2001ல இருந்து துருக்கிக்கு, அப்புறம் ஈராக்குக்கு, ஆர்மீனியாவுக்குக் கொஞ்சம். ஆர்மீனியா காசு தரதில்ல, வாயுவுக்குப் பதிலா மின்சாரம் திருப்பித் தருது. பண்டமாத்து. பாகிஸ்தானுக்குப் போற குழாயை ஈரான் தன் எல்லை வரைக்கும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கு, அந்தப் பக்கம் போடல. அந்தத் திட்டத்துல ஒரு காலத்துல நாமளும் இருந்தோம், 2009ல விலகியாச்சு.

#3 சிந்துபூந்துறை

சாமான் கிடைக்காததுதான் காரணம்னா ரஷ்யா எப்படிச் சமாளிக்குது? அங்கேயும் தடைதானே.

#4 தாழையூத்து

சமாளிக்குதா? ஆர்க்டிக் எல்.என்.ஜி. 2ங்கிற ரஷ்ய ஆலையோட கதையைப் பாருங்க. திரவமாக்குற வரிசை மூணுன்னு திட்டம், ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு 66 லட்சம் டன். 2023 நவம்பர்ல அமெரிக்கா தடை போட்டுது. வரவேண்டிய மேல்நாட்டு டர்பைன் முழுசா வராததால சீன டர்பைனை வச்சு ஒப்பேத்துனாங்க. 2024 ஆகஸ்டுல முதல் கப்பல் ஏத்தியாச்சு. வாங்க ஆள் இல்ல. ஏத்துன சரக்கு மூர்மன்ஸ்க் பக்கமும் கம்சாத்கா பக்கமும் மிதக்கும் கிடங்குல போய் அடங்குச்சு. ஒரு வருஷம் கழிச்சு 2025 ஆகஸ்ட் கடைசியிலதான் சீனாவோட பெய்ஹாய் முனையத்துல முதல் சரக்கு இறங்குச்சு. அக்டோபர்ல பிரிட்டன் அந்த முனையத்து மேலயே தடை போட்டுது.

அந்த ஒரு வருஷத்துல என்ன ஆகும்னு கணக்குப் பாருங்க. 1,74,000 கன மீட்டர் கப்பல். நாளுக்கு 0.1 சதவீதம் தானா ஆவியாகும். 174 கன மீட்டர், அதாவது சுமார் 78 டன். ஓடுற கப்பல்னா அதை எஞ்சின்ல எரிச்சுக்கிடலாம். சும்மா நங்கூரம் போட்டுக் கிடந்தா ஒண்ணு மறுபடி திரவமாக்கணும், இல்ல வெட்டியா எரிச்சுத் தள்ளணும். 60 நாள் கிடந்தா 6 சதவீதம் அவுட். கச்சா எண்ணெய் ஒரு வருஷம் டேங்குல கிடந்தாலும் அடியில கசடு படியும், அவ்வளவுதான்.

ஒளிக்கவும் முடியாது. எல்.என்.ஜி. கப்பல் உலகம் முழுக்க 700 சொச்சம். எது யாரோடதுன்னு இந்தத் தொழில்ல உள்ள எல்லாருக்கும் தெரியும். இறக்குற இடமும் கொஞ்சம். ஒவ்வொரு சரக்கையும் வாயு நிறப்பிரிகை வச்சு மீத்தேன் எத்தனை, ஈத்தேன் எத்தனைன்னு அளந்துதான் விலையே போடுவாங்க. இன்னொண்ணோட கலந்து பேர் மாத்துற வேலை இங்க நடக்காது.

#5 பேட்டை ரோடு

அப்போ நம்ம அடுப்புல எரியுற கேஸ்? அதுலயும் ஈரான் சரக்கு வருதுன்னு படிச்சேன்.

#6 தாழையூத்து

அது எல்.பி.ஜி., வேற சாதி. புரொப்பேன், பியூட்டேன். மைனஸ் 42 டிகிரியே போதும், அழுத்தத்துல வச்சா சாதா வெப்பத்துலயே திரவம். எண்ணெய்க்கும் எல்.என்.ஜி.க்கும் நடுவுல நிக்குது, மறைக்கிறதும் நடுத்தரமாத்தான் முடியும். நடுக்கடல்ல கப்பல் மாத்தி, ஓமன் சரக்கு, ஈராக் சரக்குன்னு காகிதம் போடுறது உண்டு. 2025ல அமெரிக்கா ஈரான் எல்.பி.ஜி. வியாபாரிகள் மேல தனியாத் தடை போட்டதே அதனாலதான். பெரிய கேஸ் கப்பல் ஒண்ணுல 45,000 டன். நம்ம 14.2 கிலோ சிலிண்டர்ல ரொப்புனா 31 லட்சம் சிலிண்டருக்கு மேல வரும். அதனால அதையும் சில்லறை வியாபாரம்னு நினைச்சிராதீங்க.

தூத்துக்குடி உர ஆலைக்குப் போற வாயுவை இதோட சேர்த்துக் குழப்பிக்க வேண்டாம். அது ராமநாதபுரத்துல எடுக்குற நம்ம வாயு. 143 கிலோமீட்டர் குழாய், 2021 பிப்ரவரியில திறந்தது.

#7 உவரிக்கரை

எண்ணெய்ப் பக்கம் நான் சொல்லுதேன், ஏன்னா மேல “கிணறு, குழாய், பம்ப் போதும்”னு அண்ணாச்சி லேசாச் சொல்லிட்டுப் போயிட்டாவ. கடல்ல அது அவ்வளவு லேசு இல்ல.

ஈரான் கச்சாவுல பத்துல ஒன்பது பங்கு கார்க் தீவுல ஏறுது. வி.எல்.சி.சி.ங்கிற ராட்சச டேங்கர்னா 20 லட்சம் பீப்பாய், கிட்டத்தட்ட 2.7 லட்சம் டன். ஏறினது நேரா சீனாவுக்குப் போகாது. மலாக்கா ஜலசந்தி தாண்டி, ஜோகூருக்குக் கிழக்கே, துறைமுக எல்லைக்கு வெளிய போய் நிக்கும். அங்க வேற பேர், வேற கொடி உள்ள கப்பலுக்கு மாத்துவாவ. சில நேரம் ரெண்டு மூணு கை மாறும்.

மாத்துறது எப்படின்னா, பெரிய கப்பல் ஒரே திசையில அஞ்சு நாட் வேகத்துல நேராப் போகும். மத்தது அதோட வலது பக்கமா இணையா வந்து, தன் இடது பக்கத்தைக் கொடுத்து ஒட்டும். நடுவுல காத்தடைச்ச ரப்பர் பெண்டர், பெருசு நாலு, முனையிலயும் பின்னாடியும் சின்னது ரெண்டு. வடம் கட்டி முடிச்சு நங்கூரம் போட்டப்புறம் ஹோஸ் மாட்டணும், 10 அல்லது 12 அங்குலம். ஒவ்வொரு ஹோஸ் வரிசையிலயும் மின்சாரம் கடத்தாத ஒரு துண்டு, இல்லன்னா மின்காப்பு உள்ள பிளாஞ்ச் (குழாய் மூட்டு) கட்டாயம். ரெண்டு இரும்பு உடம்புக்கும் நடுவுல மின்னழுத்த வித்தியாசம் இருக்கும், மேனிபோல்டுல பிளாஞ்சைக் கழத்துற நேரம் பொறி தட்டிச்சுன்னா முடிஞ்சுது.

ரெண்டு கப்பல் டேங்குலயும் ஆக்ஸிஜன் 8 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும். முதல்ல மெதுவா விட்டு ஒழுக்குப் பாத்து, அப்புறம் வேகம் கூட்டணும். கொடுக்குற கப்பல் மேல ஏறிக்கிட்டே வரும், வாங்குறது தாழ்ந்துக்கிட்டே போகும். அதனால வடத்தை இங்க தளத்தி அங்க இழுத்துக்கிட்டே இருக்கணும். கவனிக்காம விட்டா வடம் அறுந்து அடிக்கும், இல்ல ஹோஸ் கம்பியில உரசிக் கிழியும். எப்பவும் கடைசி டேங்க் நிரம்புற நேரந்தான் வழியும், அப்ப வேகத்தைப் பாதிக்கும் கீழ குறைக்கணும்.

கணக்கு: 20 லட்சம் பீப்பாய்னா 3,18,000 கன மீட்டர். மணிக்கு 6,000ல இருந்து 8,000 வச்சா 40ல இருந்து 53 மணி நேரம். கிட்டத்தட்ட ரெண்டு நாள் ஒட்டிக்கிட்டே கிடக்கணும்.

ஒழுங்கான கப்பல்ல இதை மேற்பார்க்கத் தனி ஆள் வருவார், பக்கத்துல இழுவைப் படகு நிக்கும், ஹோஸுக்கு வருஷாவருஷம் அழுத்தச் சோதனைச் சீட்டு இருக்கும், கரைநாட்டுப் பொருளாதார மண்டலத்துக்குள்ளன்னா 48 மணி நேரம் முன்னாடி அந்த நாட்டுக்குச் சொல்லணும். மார்போல் விதி அப்படி. தடையை ஏய்க்கிற நிழல் கப்பல்ல இதெல்லாத்தையும் ஒவ்வொண்ணாக் கழிச்சுக்கிட்டே வாங்க. பேட்ச் போட்ட பெண்டர், சீட்டே இல்லாத ஹோஸ், ராத்திரி ஏ.ஐ.எஸ்.ஸை (கப்பல் இருக்குற இடத்தை அறிவிக்கிற ரேடியோ கருவி) அணைச்சு வேலை. மிச்சம் எடுக்குற காசு இங்கதான் எடுக்காவ.

#8 சிந்துபூந்துறை

காலிக் கப்பல்னா ஆபத்து இல்லன்னு சொல்லுதாங்களே, டெலிவரிக்கு மட்டும் ஆள் எடுக்கிறதா...

#9 உவரிக்கரை

தப்பு. காலி டேங்கர்தான் மோசம். நிறைஞ்ச டேங்குல எரியுறதுக்கு இடம் கம்மி. காலி டேங்குல எண்ணெய் ஆவி நிக்கும். ஆவி ஒண்ணுல இருந்து பத்து சதவீதம், கூடவே போதுமான ஆக்ஸிஜன் இருந்தா பொறி ஒண்ணு போதும். டேங்குல ஆக்ஸிஜன் குறைஞ்ச வாயுவை நிரப்புற மந்த வாயு ஆலை சரியா ஓடுற வரைக்கும் பயம் இல்ல. பழைய கப்பல்ல முதல்ல படுக்கிறது அந்த ஆலைதான். ஸ்க்ரப்பர் துருப்பிடிக்கும், டெக் வாட்டர் சீல் ஒழுகும், ஆக்ஸிஜன் மீட்டர் பொய் சொல்லும்.

2023 மே 1ல மலேசியாவுக்குக் கிழக்கே பாப்லோங்கிற டேங்கர் வெடிச்சு மேல்தளமே பிச்சுக்கிட்டுப் போச்சு. 1997ல கட்டுனது, கேபான் கொடி, அன்னிக்குச் சரக்கு இல்ல. 28 பேர்ல 25 பேரைக் காப்பாத்துனாவ, மூணு பேரைக் காணல. கப்பலுக்கு உரிமைன்னு யாரும் முன்வராம அந்த எலும்புக்கூடு மாசக்கணக்கா அங்கேயே கிடந்துச்சு.

#10 மணப்பாட்டான்

ஏ.ஐ.எஸ். பத்தி ஒரு வார்த்தை. அணைச்சா மட்டும்தான் ஏமாத்துன்னு நினைக்காதீங்க, இப்பெல்லாம் அணைக்கிறது கம்மி. பொய் இடத்தை அனுப்புறாங்க. கப்பல் கார்க்ல நிக்கும், சிக்னல் ஓமன் கடல்ல சுத்திக்கிட்டு இருக்கும். கவனிக்க வேண்டியது: ஓடுற கப்பல் ரெண்டுல இருந்து பத்து செகண்டுக்கு ஒரு தடவை சிக்னல் அனுப்பும், நங்கூரம் போட்டா மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை. நிஜமா நங்கூரம் போட்ட கப்பல் காத்துக்கும் ஓதத்துக்கும் தகுந்து சங்கிலியைச் சுத்தி அரைவட்டம் போடும். பொய்ச் சிக்னல்ல அது இருக்காது. அளவெடுத்து வெட்டுன மாதிரி பெட்டி, இல்ல காத்து எப்படி அடிச்சாலும் மாறாத ஒரே தலைத்திசை.

மிதவை ஆழத்தை நம்பாதீங்க. அது கையால தட்டிப் போடுறது. வி.எல்.சி.சி. சரக்கோட 20 மீட்டருக்கு மேல அமுங்கும், காலியா 10, 11. மாத்த மறந்துட்டு ஏத்தினப்புறமும் 11னே போட்டுக்கிட்டு வர்றவங்களும் உண்டு. மறதியா வேணும்னேயான்னு அடுத்த துறைமுகத்துல தெரியும்.

செயற்கைக்கோள் படம் இலவசமாவே கிடைக்குது. சென்டினல் 2 படத்துல ஒரு புள்ளி 10 மீட்டர். 330 மீட்டர் கப்பல்னா 33 புள்ளி. ரெண்டு ஒட்டி நின்னா அகலம் 12 புள்ளி, தனியா நின்னா 6. அது போதும் கண்டுபிடிக்க. ஆனா அஞ்சு நாளைக்கு ஒரு தடவைதான் படம், மேகம் மூடினா அதுவும் இல்ல. உவரிக்கரை சொன்ன ரெண்டு நாள் வேலை இடையில நடந்து முடிஞ்சே போயிரும். அதனால மேகத்தைத் தாண்டிப் பாக்குற சென்டினல் 1 ரேடார் படத்தையும் சேர்த்து வச்சுத்தான் பாக்கணும். எண்ணெய்க் கப்பலை நிறத்தை வச்சு அடையாளம் சொல்றவங்களை நம்ப வேண்டாம், டெக் பெயிண்டை மாத்துறாங்க. கிரேன் இருக்குற இடம், ஹெலிகாப்டர் வட்டம், குழாய் வரிசை, இதை மாத்த மாட்டாங்க.

#11 கொக்கிரகுளம்

கப்பலை விடக் காகிதத்தைப் பார்த்தால் சீக்கிரம் பிடிபடும். ஒரு பரிசோதனை சொல்கிறேன், கால்குலேட்டர் போதும்.

சரக்கு ரசீதில் டன்னும் பீப்பாயும் ரெண்டும் இருக்கும். பீப்பாயை டன்னால் வகுங்கள். 6.29ஐ அந்த விடையால் வகுத்தால் எண்ணெயின் அடர்த்தி வரும். 141.5ஐ அடர்த்தியால் வகுத்து 131.5ஐக் கழித்தால் ஏ.பி.ஐ., அதாவது எண்ணெய் எவ்வளவு லேசானது என்று காட்டும் எண்; கூடினால் லேசு. டன்னுக்கு 7.18 பீப்பாய் என்றால் அடர்த்தி 0.876, ஏ.பி.ஐ. 30. மலேசியாவின் சொந்தக் கச்சா பெரும்பாலும் லேசானது. தாபிஸ் என்ற மலேசிய ரகம் 40க்கு மேல், கந்தகம் 0.1 சதவீதத்துக்கும் கீழ். அது டன்னுக்கு 7.7 பக்கம் வரவேண்டும். “மலேசியக் கலவை” என்று எழுதிவிட்டு ஏ.பி.ஐ. 30, கந்தகம் 2 சதவீதத்தை ஒட்டி இருந்தால், அது எந்த மண்ணில் எடுத்தது என்று கேட்க வேண்டியதே இல்லை.

மொத்தக் கணக்கிலும் இது தெரிகிறது. மலேசியாவின் உற்பத்தி நாளுக்கு ஐந்தாறு லட்சம் பீப்பாய். சீனச் சுங்கப் புள்ளிவிவரப்படி 2023இலும் 2024இலும் மலேசியாவிலிருந்து வந்தது நாளுக்குப் பத்து லட்சத்துக்கு மேல். குளத்தில் இருக்கிற தண்ணீரை விட மறுகாலில் அதிகம் போகிறது.

#12 சிந்துபூந்துறை

எல்லா எண்ணெய்க்கும் டன்னுக்கு 7.33னுதானே படிச்சிருக்கோம்?

#13 கொக்கிரகுளம்

7.33 உலகச் சராசரி. வெனிசுலாவின் மெரே என்ற கச்சாவுக்கு ஏ.பி.ஐ. 16; அடர்த்தி 0.959, டன்னுக்கு 6.56தான் வரும். சராசரியைப் போட்டு ஒரு வி.எல்.சி.சி. கணக்கிட்டால் ரெண்டு லட்சம் பீப்பாய்க்கு மேல் இடிக்கும்.

#14 பேட்டை ரோடு

ரஷ்ய எண்ணெய் மட்டும் எப்படி நம்ம நாட்டுக்கு வெளிப்படையாவே வந்துச்சு? அதுவும் தடைதானே?

#15 கொக்கிரகுளம்

ரெண்டும் வேறு வகை. ஈரான் எண்ணெயை வாங்குவதே அமெரிக்கத் தடையில் சிக்கும். பணம் கட்டிய வங்கிக்கு டாலர் கதவு மூடும். ரஷ்ய எண்ணெய்க்கு 2022 டிசம்பர் 5இல் ஜி7 நாடுகள் வைத்தது விலை உச்சவரம்பு. பீப்பாய் 60 டாலருக்குள் வாங்கினால் மேற்கத்தியக் கப்பல், காப்பீடு தருவோம், மீறினால் தரமாட்டோம் என்பதுதான் ஏற்பாடு. 2025 செப்டம்பர் 3 முதல் ஐரோப்பா அதை 47.6 ஆகக் குறைத்தது. வாங்கும் நாட்டுக்கு நேரடித் தடை இல்லை. 2022க்கு முன் நம் இறக்குமதியில் 2 சதவீதத்துக்கும் கீழ் இருந்த ரஷ்யா மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது அதனால்தான். 2025 அக்டோபர் 22இல் ராஸ்னெஃப்ட், லூக்காயில் என்ற ரஷ்ய எண்ணெய் நிறுவனங்கள் மேலேயே அமெரிக்கா தடை போட்டபோது கதை மாறியது.

உச்சவரம்பில் ஏமாற்று எங்கே என்றால் சரக்குக் கட்டணத்தில். உதாரணத்துக்கு, இங்கே இறங்கும் விலை 72 என்று வையுங்கள். ஏற்றும் துறைமுக விலை 59, மீதி 13 கப்பல் வாடகை, காப்பீடு, இதர செலவு என்று எழுதுவார்கள். நிஜ வாடகை 7 என்றால் அந்த 6 டாலர் விற்றவரின் தோழமை நிறுவனத்துக்கே சுற்றி வந்துவிடும். இதைப் பிடிக்கத்தான் பின்னால் ஒவ்வொரு பயணத்துக்கும் தனி உறுதிமொழி, செலவைப் பிரித்துக் காட்டும் பட்டியல் என்று விதியை இறுக்கினார்கள்.

பணம் வருவது இன்னொரு தலைவலி. ஈரான் எண்ணெய்க்கு நாம் யூகோ வங்கி வழியாக ரூபாயில் கட்டினோம். அந்த ரூபாயை ஈரான் இங்கேயேதான் செலவழிக்க முடிந்தது: பாஸ்மதி, தேயிலை, சோயாப் புண்ணாக்கு, மருந்து. 2018-19இல் 2.4 கோடி டன் அளவுக்கு ஈரான் எண்ணெய் வந்தது. 2019 மே மாதம் அமெரிக்க விலக்கு முடிந்ததும் நின்றது. எண்ணெய் நின்றதால் ரூபாய் ஊற்று வற்றியது; அடுத்த அடி அரிசி வியாபாரிக்கு விழுந்தது.

இங்கே ஒரு வதந்தியையும் முடித்துவிடுகிறேன். மணலி சுத்திகரிப்பு நிறுவனத்தில் ஈரான் அரசு எண்ணெய் நிறுவனத்தின் கிளைக்கு 15.4 சதவீதப் பங்கு உண்டு, பழைய காலத்துக் கூட்டு. அதை வைத்து ஈரான் எண்ணெய் ரகசியமாகச் சென்னைக்கு வருகிறது என்பது தவறு. பங்கு வேறு, சரக்கு வேறு.

#16 சிந்துபூந்துறை

சுத்தி வளைச்சு எல்லாரும் சொல்றது ஒண்ணுதான், தடை போட்டும் எண்ணெய் போகுது. அப்ப தடையால என்ன பிரயோஜனம்?

#17 கொக்கிரகுளம்

போகிறது, என்ன விலைக்குப் போகிறது? பீப்பாய்க்கு 5 டாலர் தள்ளுபடி என்றாலே ஒரு வி.எல்.சி.சி.யில் ஒரு கோடி டாலர் போயிற்று. தள்ளுபடி பத்தைத் தாண்டிய காலமும் உண்டு. அதன்மேல் கூடுதல் கப்பல், நடுக்கடலில் காத்துக் கிடக்கும் வாரங்கள், ஒவ்வொரு தரகருக்கும் கமிஷன். சீனாவின் ஷான்டோங் பக்கத்துத் தனியார் சின்ன ஆலைகளைத் தவிர வாங்க ஆள் குறைவு, அவர்கள் வைத்ததுதான் விலை. 2025 ஜனவரியில் அந்த மாகாணத் துறைமுகக் குழுமமே அமெரிக்கத் தடைப் பட்டியலில் உள்ள டேங்கர்களை வரவேண்டாம் என்றது. கிடைக்கும் யுவானும் பெரும்பாலும் சீனச் சரக்கு வாங்கத்தான் உதவும். இதைத் தடை தோற்றது என்றும் சொல்ல முடியாது, ஜெயித்தது என்றும் சொல்ல முடியாது. வரி மாதிரி வேலை செய்கிறது. அந்த வரி போய்ச் சேருவது தரகர் பைக்கு.

வாயுவில் மட்டும்தான் தடை அணை மாதிரி நிற்கிறது. தாழையூத்து சொன்ன சாமான் காரணம்தான்.

#18 பழையகாயல்

அந்த வரியில நம்ம பங்கும் இருக்கு அண்ணாச்சி. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டித்தான் 2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா நம்ம சரக்கு மேல இறக்குமதி வரி கூடுதலா 25 போட்டு மொத்தம் 50 சதவீதம் ஆக்குச்சு. தூத்துக்குடி இறால் கம்பெனிக்காரங்க ஒரு பீப்பாய்கூட வாங்கல, கன்டெய்னர் மட்டும் ஐஸோட நின்னுச்சு.

#19 பேட்டை ரோடு

ரெண்டாவது கேள்விக்கு யாரும் வரலியே?

#20 உவரிக்கரை

வந்தாச்சு. மெசேஜ்ல கப்பல் பேர் இருந்தா அதைத் தூரப் போடுங்க. பேரு மாறும், கொடி மாறும். ஐ.எம்.ஓ. நம்பர் ஏழு இலக்கம், கப்பல் உடைக்கப் போற வரைக்கும் மாறாது. அதைக் கேளுங்க. தரலன்னா அங்கேயே நிறுத்திக்கிடலாம்.

நம்பர் வந்தா முதல்ல கையாலயே சரிபாருங்க. முதல் ஆறு இலக்கத்தை வரிசையா 7, 6, 5, 4, 3, 2ஆல பெருக்கிக் கூட்டணும். கூட்டுத்தொகையோட கடைசி இலக்கம்தான் ஏழாவது இலக்கமா இருக்கணும். 9074729னு வைங்க: 63, 0, 35, 16, 21, 4. மொத்தம் 139. கடைசி 9. சரி.

அப்புறம் எக்வாசிஸ் தளத்துல இலவசமாப் பதிஞ்சு அந்த நம்பரைப் போடுங்க. கட்டுன வருஷம், பழைய பேர்கள், கொடி மாறுன தேதி, கப்பலோட தகுதியைச் சோதிச்சுச் சான்று தர்ற தரச்சங்கம், காப்பீடு எல்லாம் வரும். ரெண்டு வருஷத்துல மூணு கொடி, உரிமையாளர் பேர்ல நேத்து ஆரம்பிச்ச கம்பெனி, தரச்சங்கம் “விலக்கப்பட்டது”ன்னு இருந்தா வேண்டாம். உடைச்சுப்போட்ட கப்பலோட நம்பரை மாட்டிக்கிட்டு ஓடுறதும் உண்டு. நிலை “உடைக்கப்பட்டது”ன்னு காட்டுனா நீங்க ஏறப்போறது பேயில.

#21 மணப்பாட்டான்

கொடி சரிபாக்க, ஏ.ஐ.எஸ். சிக்னல்ல வர்ற எம்.எம்.எஸ்.ஐ.ங்கிற ஒன்பது இலக்க நம்பரோட முதல் மூணு இலக்கம் போதும். இந்தியாவுக்கு 419. சொல்ற கொடியும் இதுவும் ஒத்துவரணும். சில கொடி அந்த நாட்டுக்கே தெரியாம நடக்குற போலிப் பதிவகம். கயானா, எஸ்வாத்தினி பேர்ல அப்படி நடந்திருக்கு. கொடியே போலின்னா சட்டப்படி அந்தக் கப்பலுக்கு நாடே இல்ல, உள்ள இருக்குறவங்களுக்கும் கேக்க நாதி இல்ல.

#22 கொக்கிரகுளம்

காப்பீட்டைத் தனியாகப் பாருங்கள். உலகக் கப்பல் கொள்ளளவில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு தருவது பன்னிரண்டு சங்கங்கள் சேர்ந்த ஒரு குழுமம். ஒவ்வொன்றின் தளத்திலும் கப்பல் தேடும் வசதி உண்டு. சான்றிதழில் சங்கத்தின் பேர் இருக்கிறது என்பது போதாது. சங்கத்தின் தளத்தில் கப்பலின் பேர் இருக்க வேண்டும். போலிச் சான்றிதழே அச்சடிக்கிறார்கள். (அந்தக் குழுமத்தில் இல்லாததாலேயே போலி என்று சொல்லிவிடாதீர்கள். சில ரஷ்யக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு நம் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகமே அனுமதி கொடுத்திருக்கிறது.)

இது மாலுமிக்கு மட்டுமான கவலை இல்லை. 2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பலுக்கு மாசு இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயம். பெரிய கப்பலுக்கு உரிமையாளர் பொறுப்பு 8.977 கோடி எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை, அதற்குமேல் எண்ணெய் மாசு இழப்பீட்டுக்கான சர்வதேச நிதியம் சேர்த்து மொத்தம் 20.3 கோடி எஸ்.டி.ஆர். 2020 செப்டம்பரில் இலங்கைக்குக் கிழக்கே நியூ டயமண்ட் 2.7 லட்சம் டன் குவைத் எண்ணெயோடு எரிந்தபோது பேச ஒரு உரிமையாளர் இருந்தார், பின்னால் காப்பீடு இருந்தது. மன்னார் வளைகுடாவுக்கு வெளியே காப்பீடு இல்லாத ஒன்று எரிந்தால் உரிமையாளர் தர வேண்டிய முதல் அடுக்கு வெறும் காகிதம்.

#23 உவரிக்கரை

ஆள் எடுக்குறவன் பத்தி: ஆர்.பி.எஸ்.எல்., அதாவது மாலுமிகளை வேலைக்கு எடுக்க அரசு தர்ற லைசென்ஸ், அதோட நம்பர் கேளுங்க, கப்பல் துறை தளத்துல பட்டியல் இருக்கு. லைசென்ஸ் உள்ளவன் உங்ககிட்ட வேலைக்குக் காசு வாங்கக் கூடாது. கேட்டாலே அவன் ஆள் சரியில்லைன்னு அர்த்தம். “துபாய்ல விசிட் விசாவுல இறங்கிக்கோ, அங்க இருந்து படகுல கூட்டிட்டுப் போவாவ”ன்னு சொன்னா முடிவே பண்ணிரலாம். அப்படிப் போறவன் நம்ம நாட்டுப் பதிவுல கப்பல் ஏறவே இல்ல.

மாலுமி தொழிலாளர் ஒப்பந்தப்படி கைவிடப்பட்ட மாலுமிக்கு நாலு மாசச் சம்பளமும் ஊர் திரும்புற செலவும் காப்பீடு தரணும். ரெண்டு மாசச் சம்பளம் வரலன்னாலே “கைவிடப்பட்டது” கணக்குல வரும். அந்தச் சான்றிதழ் கப்பல்ல எல்லாரும் பாக்குற இடத்துல ஒட்டியிருக்கணும். ஏறினதும் மெஸ் ரூம் பக்கம் தேடுங்க, போன்ல படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிருங்க. 2024ல உலகம் முழுக்க 312 கப்பல்ல 3,133 பேரைக் கைவிட்டதாச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு கணக்குச் சொல்லுது. நாடுவாரியாப் பாத்தா இந்தியன்தான் அதிகம்.

#24 பேட்டை ரோடு

இப்ப சுத்துற மெசேஜ்ல உள்ள நம்பர் 9418238. நீங்க சொன்னபடி போட்டா 63, 24, 5, 32, 6, 6 வருது. நான் எங்கேயும் தப்புப் பண்ணிட்டேனா?

#25 உவரிக்கரை

பெருக்குனது சரிதான் தம்பி. கூட்டுத்தொகை 136. கடைசி இலக்கம் 6 வரணும், அவன் கொடுத்தது 8. அந்த நம்பர்ல கப்பலே கிடையாது. தட்டும்போது விரல் தவறினாலும் இப்படி வரும். அதனால நம்பர், கப்பல் பேர், ஆர்.பி.எஸ்.எல். நம்பர் மூணையும் எழுதித் தரச் சொல்லித் திரும்பக் கேக்கச் சொல்லுங்க. மறுபடியும் இதே நம்பர் வந்தா பாஸ்போர்ட்டையும் சி.டி.சி.யையும் (மாலுமியோட பணிப் பதிவுப் புத்தகம்) அவன் கையில குடுக்க வேண்டாம், நகல்கூட.